லேப்டாப்பில் கீபோர்டும் டச்பேடும் வேலை செய்யவில்லையா? கடைக்குப் போகும் முன் நீங்களே பார்க்க வேண்டியவை

நாளை காலை கல்லூரியில் ஒப்படைக்க வேண்டிய ப்ராஜெக்ட் பாதியில் இருக்கிறது. இரவு மகள் லேப்டாப்பைத் திறக்கிறாள். திரை வருகிறது. ஆனால் பாஸ்வேர்டு அடித்தால் எழுத்து விழவில்லை. டச்பேடில் விரலை எப்படித் தேய்த்தாலும் அம்புக்குறி நின்ற இடத்திலேயே நிற்கிறது. நேற்று வரை நன்றாக ஓடிய லேப்டாப் அது.

மறுநாள் பழுது பார்க்கும் கடைக்குக் கொண்டுபோனால் பெரும்பாலும் இரண்டில் ஒரு பதில் கிடைக்கும். "ஃபார்மட் பண்ணிப் பார்க்கலாம்" என்பது ஒன்று. "கீபோர்டு மாத்தணும்" என்பது மற்றொன்று. சில நேரங்களில் இவை சரியான பதில்களாகவே இருக்கலாம். ஆனால் கீபோர்டின் உள் இணைப்பு கழன்றிருந்தால் ஃபார்மட் செய்து பயனில்லை. உள்ளே இருக்கும் ப்ராஜெக்ட், குடும்பப் படங்கள், சான்றிதழ் நகல்கள் எல்லாம் போவதுதான் மிச்சம். அதேபோல் கோளாறு விண்டோஸில் இருந்தால் புதிய கீபோர்டு போட்டாலும் அதே நிலைதான். பணம் போவதுதான் மிச்சம்.

எனவே லேப்டாப்பை யாரிடம் கொடுக்கும் முன்பும் ஒரு கேள்விக்கு விடை தெரிந்துகொள்ள வேண்டும்: பழுது சாஃப்ட்வேரிலா, ஹார்ட்வேரிலா? அதை வீட்டிலேயே, செலவில்லாமல், அரை மணி நேரத்தில் கண்டுபிடிக்கலாம். விண்டோஸ் 10, விண்டோஸ் 11 உள்ள லேப்டாப்களுக்கான வழிமுறைகளை எளிதானது முதல் கடினமானது வரை வரிசையாகப் பார்ப்போம்.

இந்த இரண்டு நிலைகளில் எதையும் முயற்சி செய்யாதீர்கள்

முதலாவது, தண்ணீரோ டீயோ கொட்டியிருந்தால். உடனே சார்ஜரைப் பிடுங்கி, பவர் பட்டனை அழுத்திப் பிடித்து லேப்டாப்பை அணைத்து விடுங்கள். திறந்த நிலையிலேயே கூடாரம் போலக் கவிழ்த்து வைத்தால் உள்ளே போன நீர் கீபோர்டு வழியாகவே வடியும். ஹேர் டிரையரால் சூடு காட்ட வேண்டாம். அரிசிக்குள் புதைத்து வைப்பதாலும் பயனில்லை. "இப்போது வேலை செய்கிறதா" என்று இடையில் ஆன் செய்து பார்ப்பதுதான் மிகப் பெரிய தவறு. உள்ளே ஈரம் இருக்கும்போது மின்சாரம் பாய்ந்தால், கீபோர்டோடு போக வேண்டிய பழுது மதர்போர்டு வரை போய்விடும். டீ, ஜூஸ் போன்றவற்றில் உள்ள சர்க்கரை காய்ந்த பிறகும் உள்ளேயே ஒட்டிக்கொண்டு இணைப்புகளை அரிக்கும். எனவே மேலே காய்ந்துவிட்டது என்று விட்டுவிடாமல், திறந்து சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுப்பதே சரி.

இரண்டாவது, பேட்டரி உப்பியிருந்தால். பெரும்பாலான லேப்டாப்களில் டச்பேடுக்கு அடியில்தான் பேட்டரி இருக்கிறது. டச்பேட் ஒரு பக்கம் மேலே தூக்கிக்கொண்டு இருக்கிறதா, அழுத்தினால் கிளிக் ஆகாமல் கெட்டியாக இருக்கிறதா, மேஜையில் வைத்தால் லேப்டாப் ஆடுகிறதா, மூடினால் முழுதாக மூடவில்லையா என்று பாருங்கள். அப்படியானால் உள்ளே பேட்டரி வீங்கி டச்பேடைத் தள்ளிக்கொண்டிருக்கலாம். இது தீப்பிடிக்கும் ஆபத்து உள்ள நிலை. சார்ஜ் போடாதீர்கள், டச்பேடை அமுக்கிச் சமமாக்கப் பார்க்காதீர்கள், பேட்டரியைக் குத்தாதீர்கள். லேப்டாப்பை அணைத்து, பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் வைத்து, சர்வீஸ் சென்டரில் கொடுத்துப் பேட்டரியை மாற்றுங்கள். பழைய பேட்டரியை வீட்டுக் குப்பையில் போடக் கூடாது.

இந்த இரண்டும் இல்லையென்றால் மேலே தொடரலாம்.

1. முதலில் வேலையைக் காப்பாற்றுங்கள்

ஒரு சாதாரண யுஎஸ்பி மவுஸைச் செருகிப் பாருங்கள். வீட்டில் இல்லையென்றால் பக்கத்து வீட்டிலோ தெரிந்த கடையிலோ சற்று நேரத்துக்கு வாங்கிக்கொள்ளலாம். புதிய லேப்டாப்களில் சிலவற்றில் டைப்-சி துளை மட்டும் இருக்கும். அதற்கு, போனில் பென்டிரைவ் செருகப் பயன்படுத்தும் ஓடிஜி இணைப்பே போதும்.

மவுஸ் நகர்கிறது என்றால் கம்ப்யூட்டர் உயிரோடு இருக்கிறது, கீபோர்டும் டச்பேடும் மட்டும்தான் பிரச்சினை. மவுஸும் நகரவில்லை, திரையில் கடிகாரமும் ஓடவில்லை என்றால் கம்ப்யூட்டர் முழுவதுமே உறைந்து போயிருக்கிறது. பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்து, மீண்டும் ஆன் செய்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

மவுஸ் நகர்ந்தால் கீபோர்டு இல்லாமலேயே உள்ளே நுழையலாம். பாஸ்வேர்டு கேட்கும் திரையின் வலது கீழ் மூலையில் அக்சஸிபிலிட்டி என்ற சிறு படம் இருக்கும். விண்டோஸ் 10-ல் அது ஈஸ் ஆஃப் அக்சஸ் என்ற பெயரில் இருக்கும். அதைக் கிளிக் செய்து ஆன்-ஸ்கிரீன் கீபோர்டைத் தேர்ந்தெடுத்தால் திரையிலேயே கீபோர்டு வரும். மவுஸால் ஒவ்வொரு எழுத்தாகக் கிளிக் செய்து பாஸ்வேர்டைக் கொடுக்கலாம்.

உள்ளே நுழைந்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை, முக்கியமான ஃபைல்களைப் பென்டிரைவிலோ கூகுள் டிரைவ் போன்ற இடத்திலோ நகல் எடுத்து வைப்பது. அதற்குப் பிறகு என்ன நடந்தாலும் இழப்பு பெரிதாக இருக்காது.

2. பவரை முழுவதுமாக வெளியேற்றுங்கள்

கீபோர்டும் டச்பேடும் ஒரே நேரத்தில் நின்றுபோனால் முதலில் செய்து பார்க்க வேண்டியது இதுதான். லேப்டாப்பின் மதர்போர்டில் எம்பெடட் கன்ட்ரோலர் என்ற சிறிய சிப் இருக்கிறது. நாம் எந்தக் கீயை அழுத்துகிறோம் என்பதைக் கவனித்துச் சொல்வது அதன் வேலைகளில் ஒன்று. ஷட் டவுன் செய்த பிறகும் பேட்டரியிலிருந்து அதற்கு மின்சாரம் போய்க்கொண்டே இருக்கும். அந்தச் சிப் குழம்பி நின்றுவிட்டால் சாதாரணமாக அணைத்துப் போடுவதால் அது தெளியாது.

செய்ய வேண்டியது:

- லேப்டாப்பை ஷட் டவுன் செய்யுங்கள்.
- சார்ஜர், மவுஸ், பென்டிரைவ் என வெளியே செருகிய எல்லாவற்றையும் பிடுங்குங்கள்.
- பேட்டரி கழற்றக்கூடிய பழைய மாடல் என்றால் கழற்றி விடுங்கள். உள்ளே பொருத்தப்பட்ட பேட்டரி என்றால் அப்படியே விடுங்கள், திறக்க வேண்டாம்.
- பவர் பட்டனை 30 வினாடி விடாமல் அழுத்திப் பிடியுங்கள். இடையில் லேப்டாப் ஆன் ஆவது போல் தெரிந்தாலும் விடாதீர்கள்.
- ஒரு நிமிடம் கழித்துச் சார்ஜரை மட்டும் செருகி ஆன் செய்யுங்கள்.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். விண்டோஸ் 8 வந்ததிலிருந்து ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற வசதி இருக்கிறது. இது இயங்கிக்கொண்டிருந்தால், ஷட் டவுன் கொடுத்தாலும் விண்டோஸின் உள்பகுதி அப்படியே சேமிக்கப்பட்டு, அடுத்த முறை அதே நிலையில் திரும்பி வரும். கோளாறும் கூடவே திரும்பி வரலாம். முழுதாகப் புதிதாகத் தொடங்க வேண்டுமென்றால் ஷட் டவுனுக்குப் பதில் ரீஸ்டார்ட் கொடுக்க வேண்டும். "பத்து தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணினேன், சரியாகவில்லை" என்பவர்கள் பலருக்கு ஒரே ஒரு ரீஸ்டார்ட் போதுமானதாக இருக்கும்.

3. தெரியாமல் நாமே அணைத்துவிட்டோமா?

வீட்டில் சிறு பிள்ளைகள் லேப்டாப்பைத் தொட்டிருந்தால் இந்தப் பகுதியைக் கவனமாகப் படியுங்கள்.

ஃபில்டர் கீஸ்: வலது பக்க ஷிஃப்ட் கீயை 8 வினாடி அழுத்திப் பிடித்தால் இந்த வசதியை ஆன் செய்யலாமா என்று விண்டோஸ் கேட்கும். கை நடுக்கம் உள்ளவர்களுக்காக வைக்கப்பட்ட வசதி இது. இது ஆன் ஆகிவிட்டால் வேகமாகத் தட்டும் கீகளைக் கம்ப்யூட்டர் கண்டுகொள்ளாது. கீபோர்டு செத்துப் போனது போலவே இருக்கும். ஒரு கீயைச் சற்று நேரம் அழுத்திப் பிடித்தால் எழுத்து வருகிறதா என்று பாருங்கள். வந்தால் காரணம் இதுதான். செட்டிங்ஸில் அக்சஸிபிலிட்டி, அதில் கீபோர்டு என்ற பகுதியில் ஃபில்டர் கீஸை ஆஃப் செய்யுங்கள்.

எழுத்துக்குப் பதில் எண் வருவது: சிறிய கீபோர்டு உள்ள பழைய லேப்டாப்களில் நம்லாக் ஆன் ஆகிவிட்டால் ஜே, கே, எல் கீகளில் 1, 2, 3 வரும். யு, ஐ, ஓ கீகளில் 4, 5, 6 வரும். பாஸ்வேர்டு சரியாக அடித்தும் "தவறு" என்று வருவதற்கு இதுவும் ஒரு காரணம். நம்லாக் கீயைத் தனியாகவோ எஃப்என் கீயுடன் சேர்த்தோ ஒருமுறை அழுத்துங்கள்.

டச்பேட் பூட்டு: மேல் வரிசையில் உள்ள எஃப்1 முதல் எஃப்12 வரையிலான கீகளில் ஏதாவது ஒன்றில் டச்பேட் படம் இருக்கிறதா என்று பாருங்கள். அதைத் தனியாகவோ எஃப்என் கீயுடன் சேர்த்தோ அழுத்தினால் டச்பேட் ஆன், ஆஃப் ஆகும். ஹெச்பியின் சில பழைய மாடல்களில் டச்பேடின் இடது மேல் மூலையில் ஒரு சிறு புள்ளி இருக்கும். அந்த இடத்தை விரலால் இருமுறை தட்டினால் டச்பேட் பூட்டிக்கொள்ளும், மீண்டும் தட்டினால் திறக்கும்.

மவுஸ் செருகியதால் நிற்பது: வெளியே மவுஸ் செருகியிருக்கும்போது டச்பேட் தானாக ஆஃப் ஆகும்படி ஒரு வசதி இருக்கிறது. விண்டோஸ் 11-ல் செட்டிங்ஸ், புளூடூத் அண்ட் டிவைசஸ், டச்பேட் என்று போனால் இதை மாற்றலாம். விண்டோஸ் 10-ல் செட்டிங்ஸ், டிவைசஸ், டச்பேட் என்று போக வேண்டும். பையில் இருக்கும் வயர்லெஸ் மவுஸின் சிறு ரிசீவரைப் பிடுங்க மறந்திருந்தாலும் இப்படி ஆகும்.

மடக்கி டேப்லெட்டாகப் பயன்படுத்தும் மாடல்கள்: இவற்றில் திரையைப் பின்பக்கமாக மடித்தால் கீபோர்டும் டச்பேடும் தானாக நின்றுவிடும். அதைக் கண்டுபிடிக்க உள்ளே ஒரு சென்சார் இருக்கிறது. சில மாடல்களில் அது காந்தத்தை வைத்து வேலை செய்கிறது. காந்தம் உள்ள போன் கவர், பர்ஸ் போன்றவை அருகில் இருந்தால் "மடித்துவிட்டார்கள்" என்று சென்சார் ஏமாறலாம். அவற்றை அகற்றி, திரையை ஒருமுறை முழுதாக மூடித் திறந்து பாருங்கள்.

சார்ஜர்: சார்ஜ் போடும்போது மட்டும் அம்புக்குறி தாறுமாறாகக் குதித்தால் பழுது டச்பேடில் இருக்காது. விரல் படும்போது ஏற்படும் மிக நுண்ணிய மின்மாற்றத்தை வைத்துத்தான் டச்பேட் வேலை செய்கிறது. தரமில்லாத சார்ஜரும், எர்த் இல்லாத பிளக் பாயிண்டும் அதைக் குழப்பும். சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். சரியாகிவிட்டால் ஒரிஜினல் சார்ஜரை மூன்று துளை உள்ள, எர்த் சரியாக உள்ள பிளக்கில் போட்டுப் பாருங்கள். ஈரக் கையாலும் எண்ணெய்க் கையாலும் தொட்டாலும் டச்பேட் தடுமாறும்.

4. பழுது எந்தப் பக்கம்? பயோஸ் சொல்லிவிடும்

மேலே சொன்ன எதிலும் சரியாகவில்லை என்றால் இந்தச் சோதனைக்கு வாருங்கள். இந்தக் கட்டுரையில் மிக முக்கியமான பகுதி இது.

விண்டோஸ் தொடங்குவதற்கு முன்பே லேப்டாப்பில் இயங்கும் அடிப்படைத் திரைக்குப் பயோஸ் என்று பெயர். அங்கே விண்டோஸும் இல்லை, விண்டோஸின் டிரைவர்களும் இல்லை. கீபோர்டு அங்கே வேலை செய்தால் ஹார்ட்வேர் பெரும்பாலும் நன்றாக இருக்கிறது, கோளாறு விண்டோஸில்தான் என்று பொருள். அங்கேயும் வேலை செய்யவில்லை என்றால் விண்டோஸை எத்தனை முறை ஃபார்மட் செய்தாலும் பயனில்லை.

லேப்டாப்பை முழுதாக அணைத்து, ஆன் செய்த உடனே அதற்குரிய கீயை விட்டு விட்டுத் தட்டிக்கொண்டே இருங்கள். டெல், ஏசர், ஏசுஸ் லேப்டாப்களில் பெரும்பாலும் எஃப்2. ஹெச்பியில் எஸ்கேப் அல்லது எஃப்10. லெனோவாவில் மாடலைப் பொறுத்து எஃப்1 அல்லது எஃப்2. லேப்டாப்பின் சொந்தக் கீபோர்டிலேயே தட்டுங்கள். பயோஸ் திரை வந்துவிட்டால் அதுவே பாதி விடை. அம்புக்குறிக் கீகள், எண்டர், டேப் ஆகியவற்றை அழுத்தி மெனு நகர்கிறதா என்று பாருங்கள். இன்டர்னல் பாயின்டிங் டிவைஸ் அல்லது டச்பேட் என்ற வரி தெரிந்தால், அது டிசேபிள்டு என்று இருக்கிறதா என்றும் கவனியுங்கள். அப்படி இருந்தால் எனேபிள்டு என்று மாற்றி, சேமித்து வெளியே வாருங்கள். வேறு எதையும் மாற்றாமல் வெளியேறுங்கள்.

டச்பேடுக்கு மட்டும் இந்தச் சோதனை முழு விடை தராது. பயோஸ் திரையில் அம்புக்குறியே வராத மாடல்கள் நிறைய இருக்கின்றன. அங்கே டச்பேட் நகரவில்லை என்பதை வைத்து அது கெட்டுவிட்டது என்று முடிவு செய்ய வேண்டாம்.

5. பயோஸில் வேலை செய்கிறது, விண்டோஸில் இல்லை என்றால்

இது நல்ல செய்தி. செலவு ஏதும் இருக்காது.

யுஎஸ்பி மவுஸால் ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து டிவைஸ் மேனேஜரைத் திறங்கள். டச்பேட் மட்டும் நின்று கீபோர்டு நன்றாக இருந்தால் விண்டோஸ் கீயையும் எக்ஸையும் சேர்த்து அழுத்தி, பிறகு எம் அழுத்தினாலே அது திறக்கும்.

கீபோர்ட்ஸ் என்ற பகுதியை விரித்துப் பாருங்கள். லேப்டாப்பின் சொந்தக் கீபோர்டு பல மாடல்களில் ஸ்டாண்டர்டு பிஎஸ்/2 கீபோர்டு என்ற பெயரில் இருக்கும். அதில் ரைட் கிளிக் செய்து அன்இன்ஸ்டால் டிவைஸ் கொடுத்து, உடனே ரீஸ்டார்ட் செய்யுங்கள். பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். மீண்டும் தொடங்கும்போது விண்டோஸ் கீபோர்டைத் தானே அடையாளம் கண்டு டிரைவரை மறுபடி போட்டுக்கொள்ளும்.

டச்பேட், மைஸ் அண்ட் அதர் பாயின்டிங் டிவைசஸ் என்ற பகுதியிலோ ஹியூமன் இன்டர்ஃபேஸ் டிவைசஸ் என்ற பகுதியிலோ இருக்கும். மஞ்சள் நிற ஆச்சரியக்குறி தெரிந்தால் டிரைவர் பிரச்சினை. லேப்டாப்பின் அடியில் ஒட்டியிருக்கும் சீரியல் எண்ணை அந்தக் கம்பெனியின் சொந்த இணையதளத்தில் கொடுத்து, டச்பேட் டிரைவரையும் சிப்செட் டிரைவரையும் இறக்கிப் போடுங்கள். இன்டெல் பிராசஸர் உள்ள லேப்டாப்களில் சீரியல் ஐஓ என்ற டிரைவர் இல்லாமல் புதிய வகை டச்பேட்கள் இயங்காது. "எல்லா டிரைவரையும் ஒரே கிளிக்கில் அப்டேட் செய்கிறோம்" என்று விளம்பரம் வரும் மென்பொருள்களைத் தொடாதீர்கள்.

சமீபத்தில் வந்த அப்டேட்டுக்குப் பிறகுதான் பிரச்சினை தொடங்கியது என்றால், செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட், அதில் அப்டேட் ஹிஸ்டரி என்று போய் அந்த அப்டேட்டை நீக்கிப் பார்க்கலாம். இப்படி நடப்பது அபூர்வம் அல்ல. 2025 அக்டோபரில் வந்த ஒரு விண்டோஸ் 11 அப்டேட்டுக்குப் பிறகு, பழுது நீக்கும் ரெகவரி திரையில் யுஎஸ்பி கீபோர்டும் மவுஸும் வேலை செய்யாமல் போயின. சில நாட்களுக்குள் மைக்ரோசாஃப்ட் அதற்குத் திருத்தம் வெளியிட்டது.

இவை எதுவும் உதவவில்லை என்றால் சிஸ்டம் ரீஸ்டோர் மூலம் லேப்டாப் நன்றாக இருந்த ஒரு தேதிக்குத் திரும்பிப் போகலாம். இதில் உங்கள் படங்களும் ஃபைல்களும் அழியாது. ஃபார்மட் என்பது இவை எல்லாவற்றுக்கும் பிறகு வரும் கடைசி வழி.

6. பயோஸிலும் வேலை செய்யவில்லை என்றால்

பழுது எங்கே என்பதை அது காட்டும் விதத்தை வைத்து ஓரளவு ஊகிக்கலாம்.

ஒரே ஒரு கீ மட்டும் வேலை செய்யவில்லை என்றால் அடியில் ரஸ்க் தூளோ தூசியோ சிக்கியிருக்கலாம். லேப்டாப்பை அணைத்துக் கவிழ்த்து மெதுவாகத் தட்டுங்கள், மென்மையான பிரஷ்ஷால் துடையுங்கள். கத்தி முனையால் கீயை நெம்பாதீர்கள். அடியில் உள்ள பிளாஸ்டிக் கொக்கி உடைந்தால் மீண்டும் பொருத்துவது கடினம்.

ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத சில கீகள் சேர்ந்தாற்போல் நின்றால் கீபோர்டின் உள்ளே பழுது. கீகள் எல்லாம் உள்ளே குறுக்கும் நெடுக்குமான கோடுகளாக இணைக்கப்பட்டிருக்கின்றன. ஒரு கோடு அறுந்தால் அதில் உள்ள கீகள் எல்லாம் நிற்கும். இதற்குக் கீபோர்டை மாற்றுவதே தீர்வு.

பேட்டரி, ரேம் போன்றவற்றை மாற்றிய பிறகு கீபோர்டும் டச்பேடும் சேர்ந்து நின்றால், உள்ளே ரிப்பன் போல இருக்கும் மெல்லிய கேபிள் சரியாகப் பொருந்தாமல் இருக்கலாம். புதிய உதிரிபாகம் தேவைப்படாது. வேலை செய்தவரிடமே கொண்டுபோய் அந்த இணைப்பைப் பார்க்கச் சொல்லுங்கள்.

உடனே மாற்ற வசதி இல்லையென்றால் சில நூறு ரூபாயில் கிடைக்கும் யுஎஸ்பி கீபோர்டும் மவுஸும் வைத்துத் தேர்வு முடியும் வரை ஓட்டலாம். அதில் தவறில்லை.

7. கடையில் கொடுக்கும்போது

வாரண்டி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சில மாடல்களில் கம்பெனியின் வடிவமைப்பிலேயே குறை இருந்து, அவர்களே இலவசமாக மாற்றிக் கொடுப்பதும் உண்டு. ஆப்பிள் 2015-ல் அறிமுகப்படுத்திய பட்டர்ஃபிளை வகைக் கீபோர்டில் எழுத்துகள் விழாமல் போவதாகப் புகார்கள் குவிந்த பிறகு, வாங்கியதிலிருந்து 4 ஆண்டுகள் வரை இலவசமாகச் சரிசெய்யும் திட்டத்தை 2018-ல் அறிவித்தது.

பல லேப்டாப்களில் டிஸ்க் முழுவதும் பிட்லாக்கர் முறையில் பூட்டப்பட்டிருக்கும். பயோஸையோ மதர்போர்டையோ தொட்டால் அது 48 இலக்க ரெகவரி கீயைக் கேட்கலாம். அது பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். லேப்டாப்பைக் கொடுக்கும் முன் அதை எடுத்து ஒரு தாளில் எழுதி வையுங்கள். அந்த எண் இல்லையென்றால் உள்ளே இருப்பதை யாராலும் மீட்க முடியாது.

கடைசியாக, பாஸ்வேர்டு. கீபோர்டை மாற்றுவதற்கு உங்கள் பாஸ்வேர்டு தேவையில்லை. வேலை முடிந்ததும் நீங்களே கடையில் இருந்து பாஸ்வேர்டு அடித்து, நோட்பேடைத் திறந்து எல்லாக் கீகளையும் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து வாங்கலாம். வீட்டுப் பெண்களின் படங்களும் பிள்ளைகளின் படங்களும் உள்ள லேப்டாப்பைத் திறந்த நிலையில் யாரிடமும் விட்டுவர வேண்டிய அவசியம் இல்லை.

கடைக்காரரிடம் "வேலை செய்யவில்லை" என்று மட்டும் சொல்லாதீர்கள். "பயோஸிலும் வேலை செய்யவில்லை, வெளிக் கீபோர்டு செருகினால் வேலை செய்கிறது, ஃபார்மட் வேண்டாம்" என்று சொல்லுங்கள். விஷயம் தெரிந்த வாடிக்கையாளர் என்று அவருக்கும் புரியும். தேவையில்லாத வேலையும் செலவும் அங்கேயே குறைந்துவிடும்.